ஒன்றரை நொடி

என் அண்ணனுக்குத் தெரியாமல், அவன் விளையாடும் கார் பந்தய சிடி ஒன்றை நான் மாற்றினேன். மாற்றியது மொத்தமே சில பைட்டுகள்தான். யாருக்கும் பணம் நஷ்டமில்லை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் விஷயம் தெரிந்தபிறகு அவன் என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. அந்தப் பதினோரு நாளில் யோசித்ததும் அதற்குப் பிறகு யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை. இன்னொருவர் செய்த பொருளைத் திருத்த நமக்கு என்ன உரிமை? திருத்தினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

சிடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிரான் டூரிஸ்மோ 2. ஜப்பானின் பாலிஃபோனி டிஜிட்டல் நிறுவனம் முதல் பிளேஸ்டேஷனுக்காகச் செய்து 1999 டிசம்பரில் வெளியானது. இரண்டு சிடி, சுமார் 650 கார்கள். மற்ற பந்தய விளையாட்டுகளில் காரை எடுத்ததும் பறக்கலாம். இதில் அது நடக்காது. லைசன்ஸ் எடுத்தால்தான் பெரிய பந்தயங்களுக்குள் விடுவார்கள். ஆறு லைசன்ஸ், ஒவ்வொன்றிலும் பத்து சோதனை. முடித்த நேரத்தைப் பொறுத்து வெண்கலம், வெள்ளி, தங்கம். நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போட்டுக் காட்டுவதைவிடக் கஷ்டம்.

தென்காசியில் எங்களுக்கு அது மணிக்குப் பத்து ரூபாய் கணக்கில் கிடைத்தது. ஒரு மாடிக் கடை, நாலு டிவி, நாலு பெட்டி. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்கு வரும் கூட்டத்தில் பாதி, மழைக்கு ஒதுங்குகிறேன் என்று எங்கள் ஊருக்குள்ளும் நிற்கும். வெளியூர்ப் பையன்கள் கடைக்குள் புகுந்துவிட்டால் எங்கள் முறை வரவே வராது. ஊரே அருவிக்காக ஏங்கும் மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் அருவியைச் சபித்துக்கொண்டிருப்போம். ஐந்தருவிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வரும் அண்ணன், நாலு மணி நேரம் விளையாடி முடித்து, தெருக்குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வீடு திரும்புவான். அம்மா துவட்டிவிடுவாள்.

அந்தக் கடையில் இருந்தவை எல்லாம் நகல் சிடிகள். பிளேஸ்டேஷனின் அசல் சிடிக்கு அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். அதன் உள்வட்டத்தில் மிக நுணுக்கமான ஒரு அலைவு உண்டு. எந்த நாட்டுப் பகுதிக்கான சிடி என்ற எழுத்துகள் அந்த அலைவில் பதிந்திருக்கும். வீட்டு சிடி ரைட்டரால் அதை உருவாக்க முடியாது. அதனால் கடைக்காரர்கள் பெட்டிக்குள் ஒரு சிப் வைத்துவிடுவார்கள். அந்த எழுத்துகளை சிப்பே பெட்டியின் காதில் ஓதிவிடும். எது அசல் என்று கேட்கவே தெரியாத பெட்டிகளில்தான் நாங்கள் வளர்ந்தோம். எங்கள் நகலில் தொடக்கப் படக்காட்சி கிடையாது. நகலெடுத்த யாரோ இடம் மிச்சம் பிடிக்க வெட்டியிருக்க வேண்டும். அப்படி ஒரு காட்சி இருக்கிறது என்பதே எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

அண்ணன் டூவீலர் மெக்கானிக் ஆனான். நான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன். சில வருஷங்களுக்கு முன், சாரல் விழுந்த ஒரு சாயங்காலம், இலஞ்சி பக்கம் அவன் பைக் வழுக்கி விழுந்தான். எதிரே யாரும் வரவில்லை, யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. தோளில் அடி. வலது கைக்கு வரும் நரம்புகளில் பாதிப்பு. கை இருக்கிறது, அசைகிறது. ஆனால் பெருவிரலில் பழைய வேகம் இல்லை, பிடியும் இல்லை. ஸ்பேனரை இப்போது பையன்கள் பிடிக்கிறார்கள். அவன் சத்தத்தை மட்டும் கேட்டு எங்கே கோளாறு என்று சொல்லுகிறான்.

விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்றார்கள். நான் பழைய பெட்டி ஒன்றையும், கிரான் டூரிஸ்மோ 2 அசல் சிடியையும் செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கிக் கொடுத்தேன். முதல்முறையாகக் கறுப்பு சிடியைக் கையில் வைத்துப் பார்த்தோம். தொடக்கப் படக்காட்சியையும் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

பி லைசன்ஸில் ஆரம்பத்திலேயே ஒரு சோதனை: கிளம்பி, வேகம் எடுத்து, குறித்த இடத்துக்குள் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வலது பெருவிரல் ஆக்சிலரேட்டர் பொத்தானிலிருந்து பிரேக் பொத்தானுக்குத் தாவ வேண்டும். அண்ணனின் விரல் தாவாது, ஊர்ந்துதான் போகும். அதற்குள் கார் கோட்டைத் தாண்டியிருக்கும். பொத்தான்களை இடம் மாற்றி வைத்தும் பார்த்தோம். ஒரு விரலின் குறை இன்னொரு விரலுக்குச் சுமையானதுதான் மிச்சம். சின்ன வயசில் அத்தனை சோதனையிலும் தங்கம் வைத்திருந்தவன். ஒரு மாசம் முயற்சி செய்து வெண்கலம் எடுத்தான். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "இது நமக்கு ஒத்து வராதுடே" என்று எழுந்து போனான்.

அன்றைக்கு ராத்திரிதான் நான் சிடியைத் திறந்தேன்.

கேட்பதற்குப் பெரிய வித்தையாகத் தெரியும். அப்படி இல்லை. சிடியை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுக்க வேண்டும். உள்ளே ஒரு பெரிய கோப்பில் சிறு கோப்புகள் சுருக்கி அடுக்கப்பட்டிருக்கும். வெளிநாட்டு ரசிகர்கள் அவற்றை விரிக்கவும் மறுபடி மடிக்கவும் கருவிகள் எழுதி இலவசமாக விட்டிருக்கிறார்கள். விரித்தால் கார்களின் எடை, குதிரைத்திறன், சோதனைகளின் நேரம் எல்லாம் வெறும் எண்கள். சின்ன இலக்கம் முன்னாலும் பெரிய இலக்கம் பின்னாலுமாக, நாம் எழுதும் முறைக்குத் தலைகீழாக நிற்கும். தங்கத்துக்கான எண்ணைத் தேடிப் பிடித்தேன். ஒன்றரை நொடி கூட்டினேன். வெள்ளியையும் அதற்கேற்பத் தள்ளி வைத்தேன்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிடியில் தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதிந்திருக்கிறது. ஒரு துண்டு 2352 பைட். அதில் விளையாட்டின் தகவல் 2048 பைட்தான். மிச்சத்தில் பெரும்பங்கு சாட்சிகள்: பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க 4 பைட், பிழையைச் சரிசெய்ய 276 பைட். தகவலில் ஒரு எண்ணை மாற்றினால் சாட்சிக் கணக்கு ஒத்துவராது. படிக்கும் கருவி அந்தத் துண்டைப் பழுதானது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் மாற்றியபிறகு சாட்சிகளையும் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். கருவியே அதைச் செய்துவிடுகிறது, ஒரு சொடுக்கு. அதன்பிறகு இது இப்படித்தான் பிறந்தது என்று சிடி தானே சத்தியம் செய்யும்.

அன்றைக்கு அது எனக்கு வெறும் தொழில்நுட்ப வேலையாகத்தான் தெரிந்தது.

புதிய சிடியை அசலின் உறையில் வைத்தேன். சிப் போட்ட பெட்டி, எதுவும் கேட்கவில்லை. நாலாவது நாள் அண்ணன் தங்கம் எடுத்தான். ஒர்க் ஷாப் பையன்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தான். அம்மாவிடம் கையைக் காட்டி, "எம்மா, விரல் திரும்ப வருது பாத்துக்கோ" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து எங்கள் அக்கா மகன் வந்தான். பன்னிரண்டு வயசு. பழைய விளையாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போனில் யாரோ விளையாடிய வீடியோவைத் தேடி எடுத்தான். "மாமா, இதுல கோல்டு டைம் வேறயால்ல இருக்கு?" என்றான். அண்ணன் போனைப் பார்த்தான். டிவியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

அடுத்து வந்த பதினோரு நாளில் நான் முதலில் தேடியது சட்டத்தை. குற்றவாளிகள் எல்லோரும் செய்வதுதான். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தது. ஒரு கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்குப் பயன்படுத்தவென்று நகலோ தழுவலோ செய்துகொள்ள 52ஆம் பிரிவு இடம் தருகிறது. 57ஆம் பிரிவு படைப்பாளியின் பக்கம் நிற்கிறது. தன் பெயருக்கும் மதிப்புக்கும் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் அவர் கேள்வி கேட்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துச் சேதப்படுத்திய அரசுக்கு எதிராகச் சிற்பி அமர்நாத் சேகல் போட்ட வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது இந்த உரிமையை வைத்துத்தான். ஆனால் அதே 57ஆம் பிரிவு, 52இல் அனுமதித்த நிரல் தழுவலுக்கு விலக்குத் தருகிறது. வீட்டுக்குள் ஒரு சிடியைத் திருத்தியவன் மேல் சட்டம் பாயாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

படைப்பாளியைப் பற்றியும் எனக்கு ஒரு வாதம் இருந்தது. கிரான் டூரிஸ்மோ 2 அவசரத்தில் முடிக்கப்பட்ட விளையாட்டு. அமெரிக்காவில் முதலில் விற்ற சிடிகளில் எல்லாப் பந்தயத்தையும் ஜெயித்தாலும் 98.2 சதவீதத்துக்கு மேல் போகாது. நீக்கிய ஒரு பந்தய வகையைக் கணக்கிலிருந்து நீக்க மறந்துவிட்டார்கள். பிறகு அவர்களே திருத்தி மறுபதிப்பு விட்டார்கள். செய்தவர்களே கல்லில் வெட்டியதாக நினைக்காததை நான் ஏன் நினைக்க வேண்டும்?

கல்லில் வெட்டியது என்றதும் எங்கள் ஊர்க் கல்வெட்டு ஞாபகம் வந்தது. தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு பாட்டைப் பொறித்து வைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை வந்து, அதை யார் சரிசெய்து காத்தாலும் அவர்களை நான் உலகறியப் பணிகிறேன் என்பது அதன் சாரம். கட்டிய ராஜா, இன்னும் பிறக்காத கொத்தனாரைக் கும்பிடுகிறான். அந்தக் குறையும் வந்தது. ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990இல்தான் இப்போதுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது. ஒரு படைப்பைக் கைவிடாமல் இருப்பவன் அதைத் தொட்டுத் திருத்தத்தான் செய்வான். தொடவே கூடாது என்று ஒதுங்கி நிற்பதற்கு அன்பு என்று பெயர் கிடையாது.

இப்படி எல்லா வாதமும் எனக்குச் சாதகமாகவே வந்தது. அப்படியிருந்தும் அண்ணன் பேசவில்லை.

எங்கே தப்பு என்று யோசித்தபோது, என் வாதம் எல்லாமே இரண்டு பேரைப் பற்றியது என்று புரிந்தது. செய்தவன் ஒருவன், திருத்தியவன் ஒருவன். சட்டமும் அந்த இரண்டு பேருக்கு நடுவில்தான் நிற்கிறது. மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, திருத்தியதைக் கையில் வாங்குகிறவர். அவரை நான் யோசிக்கவே இல்லை. நம் இலக்கியத்தில் இது பழைய வழக்கு, அதன் ஒரு விசாரணை குற்றாலத்திலேயே நடந்திருக்கிறது.

ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் இங்கேயே இறந்தார். கம்பனைத் தமிழ்நாட்டுக்கு மறுபடி காதலிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர். கம்பராமாயணமாக அச்சில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் பெரும்பகுதி இடைச்செருகல் என்றார். தாளமும் உணர்ச்சியும் இடறுகிற இடத்தில் சொல்லையும் மாற்றினார், கம்பன் இப்படித்தான் பாடியிருப்பான் என்று. பண்டிதர்கள் கொதித்தார்கள். ஏட்டு ஆதாரம் இல்லாமல் பாட்டைத் திருத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. நான் சின்ன வயசிலிருந்து டி.கே.சி. கட்சி. ரசிக்கத் தெரிந்தவனுக்கு அந்த உரிமை உண்டு என்றுதான் நினைத்திருந்தேன். இன்னும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் உ.வே.சா. என்ன செய்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏடு எழுதினவர்கள் தெரிந்தும் தெரியாமலும் மாற்றிய பாடல்கள்தான் அவர் கைக்கும் வந்தன. அவரும் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும், தேர்ந்தெடுத்தார். ஆனால் மற்ற ஏடுகளில் இருந்த பாடபேதங்களையும் அடிக்குறிப்பில் கொடுத்தார். என் முடிவு இது, விட்டது இது, பிடிக்காவிட்டால் நீ வேறு முடிவெடு. அடிக்குறிப்பு என்பது வாசிக்கிறவனை நம்புகிற காரியம். அந்தச் சின்ன எழுத்துகளை நான் இத்தனை நாள் கல்லூரிச் சமாச்சாரம் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

எங்கள் மாடிக் கடை நகலில் தொடக்கப் படக்காட்சியை வெட்டியவனை இப்போது நினைத்துப் பாருங்கள். வெட்டியதுகூடப் பெரிய தப்பில்லை, இடம் இல்லை, வெட்டினான். ஆனால் உறையில் ஒரு வரி எழுதவில்லை. அதனால் எதை இழந்தோம் என்றே தெரியாமல் நாங்கள் வருஷக்கணக்கில் முழுசாக விளையாடியதாக நினைத்திருந்தோம். அண்ணனுக்கு நான் செய்ததும் அதேதான். சாட்சிக் கணக்கையும் சேர்த்துத் திருத்தினேன்.

இதற்கு ஒரு பதில் இருக்கிறது, எனக்குப் பல நண்பர்கள் சொன்னார்கள். தாயம் விளையாடும்போது ஆச்சி பேரனுக்காகக் காயை விட்டுக்கொடுப்பதில்லையா? அவன் சந்தோஷப்பட்டான், விரலை இன்னும் அதிகமாக அசைத்தான், அது போதாதா? அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974இல் ஒரு கற்பனை இயந்திரத்தைச் சொன்னார். அதில் படுத்தால் விரும்பிய அனுபவமெல்லாம் கிடைக்கும், உண்மையில் எதுவும் நடக்காது. படுப்பீர்களா? மாட்டோம் என்பது அவர் எதிர்பார்த்த பதில். நாம் செய்த உணர்வை மட்டும் கேட்பதில்லை, செய்யவும் விரும்புகிறோம். விளையாட்டே ஒரு பொய் இயந்திரம்தானே என்று ஒருவர் கேட்கலாம். கார் பொய், ரோடு பொய், பதக்கமும் பொய். சரி. ஆனால் அந்த அறையில் உண்மையாக இருந்தவை இரண்டு: அண்ணனின் பெருவிரல், அதை அளக்கும் நேரம். அத்தனை பொய்யையும் விட்டுவிட்டு நான் கை வைத்தது அந்த நேரத்தில். விரல் எவ்வளவு தேறியிருக்கிறது என்று அவன் தெரிந்துகொள்ள இருந்த ஒரே கோலைக் குட்டையாக்கிக் கொடுத்துவிட்டேன். ஆச்சி விட்டுக்கொடுத்த பேரன் வளர்ந்து தானே ஜெயிப்பான். அண்ணன் குழந்தை இல்லை. அவனை நான் குழந்தையாக்கினேன்.

பராக்கிரம பாண்டியனின் கும்பிடும் எனக்கு வராது. குறையைச் சரிசெய்கிறவனைத்தான் அவன் பணிந்தான். அந்தத் தங்க நேரத்தில் ஒரு குறையும் இல்லை. குறை கையில் இருந்தது. அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை, கிடைத்த சிடியைத் திருத்தினேன்.

பன்னிரண்டாவது நாள் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ஒருவர் பைக்கை எடுக்க வந்திருந்தார். பில்லோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரையும் அண்ணன் இடது கையால் நீட்டினான். உள்ளே தேய்ந்துபோன பழைய பிரேக் ஷூ. அவர் வேண்டாம் என்றார். "கொண்டு போங்கண்ணாச்சி, வீட்ல போயி தூரப் போடுங்க" என்று கையில் திணித்தான். அவர் போனபிறகு என்னைப் பார்த்தான்.

"பாத்தியால? பார்ட்ஸ் மாத்துனா பழசக் கையில குடுக்கணும். அவரு அத என்ன செய்யப் போறாரு? ஒண்ணுஞ் செய்ய மாட்டாரு. ஆனா குடுக்கணும்."

"தப்புத்தாண்ணே. நீ மனசு விட்டுறக் கூடாதுன்னுதான்..."

"டைம கூட்டுனது தப்புன்னு நான் சொல்லல. எங்கிட்டக் கேட்டிருந்தா நானே கூட்டச் சொல்லிருப்பேன். வெண்கலம் எடுத்தன்னைக்கு நான் அழுதேன், தெரியுமா ஒனக்கு? அந்த வெண்கலம் என்னது. தங்கம் ஒன்னது. அத வச்சு அம்மாட்ட நான் வேற சொல்லிட்டு வந்தேன், விரல் வருதுன்னு."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வார்த்தையில் நான் சுற்றி வந்த இடத்துக்கு அவன் ஒரு பிரேக் ஷூவில் வந்திருந்தான். திருத்தலாம். திருத்தியதைச் சொல்ல வேண்டும், பழசையும் கையில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் அதைத் தூரப் போட்டாலும் சரி, அது அவன் முடிவு.

அதற்குப் பிறகு இரண்டு சிடி இருக்கிறது. ஒன்று கறுப்பு அசல். இன்னொன்றில் அண்ணன் கேட்டபடி சில மாற்றங்கள்: அந்த ஒரு சோதனையில் தங்கம் ஒன்றரை நொடி தள்ளி, எதிர்க் கார்கள் சிலவற்றின் குதிரைத்திறன் குறைவாக. என்ன என்ன மாற்றினோம், முன்னால் என்ன எண் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறோம். சிடியின் மேல் மார்க்கரால் "திருத்தியது" என்று எழுதியிருக்கிறது. அதை வலது கையால்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக அவனே எழுதினான், கொஞ்ச நேரம் ஆயிற்று.

கை வலிக்கிற அன்றைக்கு அதைப் போடுகிறான். மற்ற நாளில் அசல். இரண்டுக்கும் தனித்தனி மெமரி கார்டு. அசலின் கார்டில் அந்தச் சோதனைக்கு நேராக இன்னும் வெண்கலம்தான். அக்கா மகன் வந்தால் அந்தக் கார்டைத் தொட விடமாட்டான்.